சத்தத்துக்காக வெட்டிய சைலன்சர்: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையின் தென்புறநகரில் இருக்கும் எங்கள் இருசக்கர வாகனப் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியைப் பற்றிய பதிவு இது. வண்டிக்காரரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரையும், சைலன்சர் வேலையைச் செய்த இடத்தையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். சத்தத்துக்காகச் சைலன்சரில் கைவைத்த வண்டிகள் எங்களுக்குப் புதியவை அல்ல. இதைத் தனியாக எழுதக் காரணம் இரண்டு. வண்டி காட்டிய அறிகுறி ஒன்று, உள்ளே இருந்த பழுது வேறொன்று. மேலும், கழற்றி மாட்டக்கூடிய மாற்றத்துக்கும் வெட்டிச் செய்த மாற்றத்துக்கும் உள்ள தூரம் இதில் வெளிப்படையாகத் தெரிந்தது.

பின்னணி

வண்டி 350 சிசி, ஒற்றைச் சிலிண்டர், எரிபொருள் தெளிப்பு முறை கொண்டது. 2020 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான பிஎஸ் 6 என்ற புகை மாசு விதிப்படி தயாரானது. ஓட்டுபவர் இருபதுகளின் நடுவில் இருக்கும் இளைஞர். பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் இரவுப் பணி. வண்டி விலையில் பாதியை அவருடைய அப்பா கொடுத்திருந்தார்.

சத்தத்தின் மேல் அவருக்கு இருந்த ஆசைக்கு ஒரு வரலாறு உண்டு. தாய்மாமன் வைத்திருந்த பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டியின் துடிப்பைக் கேட்டு வளர்ந்தவர் அவர். புது வண்டி வாங்கியபோது அந்தத் துடிப்பு அதில் இல்லை. “தையல் இயந்திரம் மாதிரி ஓடுகிறது அண்ணா” என்று பின்னர் என்னிடம் சொன்னார்.

இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. பழைய எஞ்சினில் மனத்தைப் பிடித்தது சத்தத்தின் அளவு அல்ல, அதன் நிதானம். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறைதான் எரிதல் நிகழ்கிறது. ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் தானாக ஓடுவதை ஐடிலிங் என்போம். நிமிடத்துக்கு 1,000 சுழற்சியில் ஐடிலிங் ஓடினால் 500 வெடிப்பு, அதாவது விநாடிக்கு எட்டுக்குச் சற்று மேல். பழைய எஞ்சின்களில் கனமான ஃபிளைவீலும் (சுழற்சியைச் சீராக வைக்கும் சக்கரம்) நீண்ட பிஸ்டன் வீச்சும் இருந்ததால் ஐடிலிங்கை இன்னும் கீழே இறக்கி வைக்க முடிந்தது. ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. புது வண்டியில் ஐடிலிங் வேகத்தை இசியு எனப்படும் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி தீர்மானிக்கிறது. சைலன்சரை என்ன செய்தாலும் அந்த நிதானம் வராது, உரப்புதான் வரும். இளைஞர் கேட்டது ஒன்று, அவருக்கு விற்கப்பட்டது வேறொன்று என்பதை வண்டியைத் திறப்பதற்கு முன்பே பேச்சிலிருந்து புரிந்துகொண்டேன்.

அவர் முதலில் போன இடத்தில் இரண்டு வழிகளைச் சொல்லியிருக்கிறார்கள். வெளியில் விற்கும் வேறு சைலன்சரை வாங்கி மாட்டுவது ஒன்று. கம்பெனி சைலன்சரையே அறுத்து உள்ளிருப்பதை எடுத்துவிட்டு மறுபடி பற்றவைப்பது மற்றொன்று. தொழிலில் இதைக் கோர் எடுப்பது என்போம். இளைஞர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். செலவு குறைவு என்பது ஒரு காரணம். வெளியிலிருந்து பார்த்தால் கம்பெனி சைலன்சர் போலவே இருக்கும், சோதனையில் போலீசார் கவனிக்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்டதுதான் பெரிய காரணம்.

சைலன்சருக்குள் இருந்தவை

வெளியே ஒற்றைக் குழாயாகத் தெரிந்தாலும் உள்ளே சைலன்சர் அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். துளையிட்ட சிறு குழாய்கள் ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்கு வாயுவை வளைத்து வளைத்து அனுப்பும். எஞ்சினிலிருந்து அடியடியாக வரும் அழுத்த அலை ஒவ்வோர் அறைச் சுவரிலும் மோதித் திரும்பி, பின்னால் வரும் அலையோடு சேர்ந்து தணியும். இந்த வண்டியில் சைலன்சரின் முன்பகுதியில் வினையூக்கி மாற்றியும் இருந்தது. தேன்கூடு போன்ற அதன் நுண்துளைகளின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களின் மெல்லிய பூச்சு உண்டு. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியவற்றைக் குறைப்பது அதன் வேலை. கூடவே சத்தத்தையும் ஓரளவு தணிக்கும்.

கட்டிங் வீலால் சைலன்சரை முன்பக்கத்தில் அறுத்து, வினையூக்கியையும் தடுப்புகளையும் எடுத்துவிட்டு, நேர்க்குழாய் ஒன்றை உள்ளே வைத்து ஆர்கான் வெல்டிங்கில் மூடியிருந்தார்கள். பற்று சுத்தமாகத்தான் இருந்தது. செய்தவர் கைப்பழக்கம் உள்ளவர். மேலே கறுப்பு வெப்பப் பெயின்ட்.

எடுத்த கோர் எங்கே என்று கேட்டேன். அவர் அதைக் கேட்டு வாங்கவில்லை. உள்ளே இருக்கும் உலோகங்களுக்காகவே பழைய வினையூக்கிகளைக் காசு கொடுத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். தன் பொருளையும் கொடுத்து, அதை எடுத்ததற்குக் கூலியும் கொடுத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

முதல் வருகை: கண்டவை

வேலை முடிந்து சில வாரங்களில் வண்டி எங்களிடம் வந்தது. அவர் சொன்ன குறைகள்: மீட்டரில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை, மைலேஜ் விழுந்துவிட்டது, ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சர் படபடவென வெடிக்கிறது. கடைசியது முதலில் அவருக்குப் பிடித்திருந்ததாம். பிறகு அது அவர் விரும்பாத இடங்களிலும் வெடிக்க ஆரம்பித்தது.

சைலன்சரை வெட்டிய இடத்தில், காற்று அதிகமாகிப் பெட்ரோல்-காற்றுக் கலவை மெலிந்துவிட்டது, எரிபொருளைக் கூட்டிக் கொடுக்கும் தனிக் கருவி ஒன்றை இசியுவோடு இணைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கருவியை வாங்கலாமா என்று கேட்கத்தான் எங்களிடம் வந்திருந்தார்.

இசியு பதிந்துவைத்திருக்கும் பழுதுக் குறிகளைப் படிக்கும் ஸ்கேனரை இணைத்தோம். பி0171 என்ற குறி வந்தது. கலவை மெலிவு என்பது அதன் பொருள். அதோடு நிறுத்தியிருந்தால் அந்த ஆலோசனை சரியென்றே தோன்றியிருக்கும். ஆனால் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது அதன் முனை கரி படிந்து, உலர்ந்த மைபோலக் கறுத்திருந்தது. மெலிந்த கலவையில் ஓடும் பிளக் வெளுத்திருக்க வேண்டும். கணினி ‘எரிபொருள் போதவில்லை’ என்கிறது, பிளக் ‘மிஞ்சிவிட்டது’ என்கிறது. இப்படி இரண்டும் முரண்படும்போது நான் பிளக்கைத்தான் நம்புவேன்.

காரணம் சிலிண்டர் ஹெட்டோடு பெண்ட் பைப் (எஞ்சினிலிருந்து சைலன்சருக்கு வாயுவைக் கொண்டுபோகும் வளைந்த குழாய்) சேரும் இடத்தில் இருந்தது. நட்டைச் சுற்றி விசிறிபோலக் கரி படிந்திருந்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் மூட்டில் சோப்புத் தண்ணீரைத் தடவி ஸ்டார்ட் செய்ததும் நுரை குமிழியிட்டது. சைலன்சரைக் கழற்றி மாட்டியவர்கள் மூட்டில் கசிவை அடைக்கும் வளையமான கேஸ்கட்டைப் புதிதாகப் போடாமல் பழையதையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். ஒருமுறை நசுங்கிப் படிந்த கேஸ்கட் மறுமுறை அடைக்காது. அளவில் சிறிய பொருள், விலையிலும் சிறியது. விளைவு அப்படி இல்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் இடையில் குழாயில் அழுத்தம் குறையும் கணத்தில் அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. சற்றுத் தள்ளியிருக்கும் ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைக் கண்டு, கலவை மெலிந்துவிட்டதாக இசியுவுக்குச் சொல்கிறது. இசியு நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. கூட்டக் கூட்டச் சென்சார் அதையே திரும்பச் சொல்கிறது. எல்லை வரை கூட்டிவிட்டு விளக்கை எரியவிடுகிறது. எரியாமல் தப்பிய பெட்ரோல் சூடான குழாயில் அதே காற்றோடு கலந்து பற்றிக்கொள்கிறது. படபட வெடிப்பு அதுதான். முன்பு அதை விழுங்கத் தடுப்புகள் இருந்தன, இப்போது இல்லை.

பெட்ரோலைக் கூட்டும் கருவியை இதன்மேல் மாட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

சைலன்சரின் பின்வாயில் டார்ச் அடித்து, கழற்றிய முன்வாய் வழியாகப் பார்த்தோம். வெளிச்சம் தடையில்லாமல் நேராக வந்தது. கம்பெனி சைலன்சரில் அப்படி வர வழியே இல்லை. வெட்டப்பட்டது எத்தனை சுத்தமாகப் பற்றவைக்கப்பட்டிருந்தாலும் இந்தச் சோதனையில் ஒளிக்க முடியாது.

சத்தத்தையும் அளந்தோம். குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகை சாய்வில் ஒலி அளக்கும் கருவியை வைத்து, எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தபோது நூறு டெசிபெல்லைத் தாண்டியது. இதை விதியில் உள்ள எண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்குத் தயாரிப்பு நிலையில் அனுமதிக்கப்பட்ட 80 டெசிபெல், வண்டி வேகமெடுத்துக் கடந்து போகும்போது ஏழரை மீட்டர் தள்ளி அளக்கப்படுவது. போலீசாரும் வண்டிக்காரர்களும் சாலையில் வாக்குவாதம் செய்யும்போது இந்த இரண்டு அளவுகளும் அடிக்கடி குழம்பிப் போகின்றன.

முதல் முடிவு

செய்தவை மூன்று: புது கேஸ்கட் போட்டோம், பிளக்கை மாற்றினோம், குறியை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். விளக்கு மீண்டும் எரியவில்லை. வெடிப்பு பெருமளவு குறைந்தது. கூடுதல் கருவி தேவையில்லை என்று சொன்னோம்.

சைலன்சரை மாற்றச் சொன்னோம். புதியதன் விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியது. அவர் தயங்கினார். “சத்தம் இருந்தால்தான் லாரிக்காரர் ஒதுங்குவார் அண்ணா” என்றார். இந்த வாதத்தைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். குழாயின் வாய் பின்னோக்கி இருக்கிறது. சத்தம் பெரும்பாலும் நாம் ஏற்கெனவே கடந்து வந்தவர்களுக்குத்தான் போய்ச் சேருகிறது. முன்னால் போகும் லாரியின் கேபினுக்குள் அதன் சொந்த எஞ்சினே போதுமான இரைச்சலை உண்டாக்குகிறது. முழு ஹெல்மெட் போட்டு அறுபது கிலோமீட்டரில் போகும் ஓட்டுநருக்கும் காற்றிரைச்சல்தான் மிகுதியாகக் கேட்கும். இவ்வளவு செலவழித்து வாங்கிய சத்தத்தைக் குறைவாகக் கேட்பவர் வாங்கியவரே.

வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை பட்டறைக்கு இல்லை. ‘சைலன்சரின் உட்பகுதியும் வினையூக்கியும் நீக்கப்பட்டுள்ளன, மாற்ற அறிவுறுத்தப்பட்டது’ என்று ஜாப் கார்டில் (பட்டறையின் வேலைக் குறிப்புச் சீட்டு) எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினோம். சம்பளம் வந்ததும் பார்க்கலாம் என்று சொல்லிப் போனார்.

குடியிருப்பும் இரவுச் சோதனையும்

அவர் வீடு இருக்கும் அடுக்ககத்தில் கீழ்த்தளம் முழுவதும் தூண்கள் மேல் நிற்கும் வண்டி நிறுத்தம். மூன்று பக்கச் சுவர், மேலே கான்கிரீட் கூரை. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் தாழ்ந்த அதிர்வெண் சத்தம் சுவரையும் சன்னலையும் எளிதில் கடந்து வரும்; இப்படிப்பட்ட இடத்தில் அது எதிரொலித்துப் பெருகவும் செய்யும். அவர் வீடு திரும்புவது நள்ளிரவுக்குப் பின். உள்ளே நுழைந்து ஒருமுறை ஆக்சிலேட்டரைத் தொட்டாலே பக்கத்தில் நிற்கும் கார்களின் திருட்டு எச்சரிக்கை ஒலி கிளம்பிவிடும் என்று அவரே பிறகு சொன்னார். குடியிருப்புப் பகுதிகளுக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் வரம்பு.

சங்கச் செயலாளர் நேராக அப்பாவிடம் போனார். “தம்பி நல்ல பையன்தான் சார். ஆனால் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது” என்று மேல்வீட்டார் சார்பில் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குச் சைலன்சர் வெட்டப்பட்ட விஷயம் அப்போதுதான் தெரிந்தது. வெளியே பார்த்தால் எதுவும் மாறியிருக்கவில்லையே. அதன் பிறகு சில நாட்கள் வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார் இளைஞர்.

அடுத்தது ஜிஎஸ்டி சாலையில் இரவு வாகனச் சோதனை. தூரத்திலிருந்தே சத்தம் காட்டிக் கொடுத்துவிட்டது. உதவி ஆய்வாளர் குனிந்து டார்ச் அடித்து, முன்பக்க வளையத்தில் பெயின்ட் உரிந்து தெரிந்த பற்றுக்கோட்டை விரலால் தடவிப் பார்த்தாராம். வண்டி நிலையத்துக்குப் போனது. அபராதச் சீட்டோடு, கம்பெனி சைலன்சரைக் கொண்டுவந்து மாட்டிய பிறகே வண்டியை எடுக்கலாம் என்றும் சொல்லப்பட்டது.

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 120-ஆவது விதி ஒவ்வொரு வாகனத்திலும் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒலி, காற்று மாசுத் தரங்களை மீறுவதற்கு 190(2) பிரிவு தனியாக இருக்கிறது. முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் உரிமத் தகுதியிழப்பும் அதில் உண்டு. 2021-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு, மாற்றிய சைலன்சர்களின் இரைச்சலைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. வெளியே தெரியாத மாற்றத்துக்குச் சலுகை எதுவும் இந்தப் பிரிவுகளில் இல்லை.

அன்று இரவு அதே இடத்தில் வேறொருவரும் பிடிபட்டிருந்தார். அவர் மாட்டியிருந்தது வெளியில் வாங்கிய சைலன்சர். வீட்டுக்கு ஆளனுப்பி, அட்டைப்பெட்டியில் வைத்திருந்த பழையதை எடுத்துவரச் சொல்லி, மறுநாளே மாட்டிக்கொண்டு போய்விட்டார். நம் இளைஞரிடம் எடுத்துவர எதுவும் இல்லை. அவருடைய கம்பெனி சைலன்சர் வண்டியிலேயேதான் இருந்தது, குடல் இல்லாமல்.

மீட்பு: எதை, ஏன்

தொலைபேசியில் மூன்று யோசனைகளை அவர் முன்வைத்தார். வெட்டியதையே மறுபடி திறந்து உள்ளே தடுப்பு வைத்துப் பற்றவைக்க முடியுமா என்பது முதலாவது. முடியும், சத்தமும் கொஞ்சம் குறையும். ஆனால் தடுப்பின் அளவும் இடைவெளியும் நம் ஊகமாகவே இருக்கும், வினையூக்கியும் திரும்பி வராது. அதைச் செய்ய மறுத்தோம்.

புதுப்பேட்டையில் பழைய சைலன்சர் தேடலாமா என்பது இரண்டாவது. விலை பாதியாகும். அவருடைய அப்பா இதையே விரும்பினார். பழைய உதிரிபாகங்களுக்கு நகரில் பேர்பெற்ற சந்தை அது என்பது உண்மைதான். நானே எத்தனையோ பாகங்களை அங்கே வாங்கியிருக்கிறேன். ஆனால் வினையூக்கியோடு கூடிய சைலன்சரைப் பழையதாக வாங்கும்போது, அதுவும் ஏற்கெனவே கோர் எடுக்கப்பட்டதாக இருக்கலாம். ஒன்றைப் போய்ப் பார்த்தோம். குலுக்கியபோது உள்ளே ஏதோ உருண்டது; தேன்கூடு உடைந்திருந்தது. வேறொன்று கிடைக்கும்வரை வண்டி நிலைய வளாகத்தில் வெயிலில் நிற்க வேண்டும். அதனால் அதையும் விட்டோம்.

புதிய கம்பெனி சைலன்சர், புது கேஸ்கட், புது கவ்வி. இதைத்தான் தேர்ந்தெடுத்தோம். பணத்தை அப்பா கடனாகக் கொடுத்தார். மாதாமாதம் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. நிலையத்திலேயே எங்கள் பையன் போய் மாட்டிவிட்டு, ரசீதையும் பழைய சைலன்சரையும் அதிகாரியிடம் காட்டினான். பல நகரங்களில் பறித்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றிய காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். இங்கே ஒன்றே ஒன்றுதான்; அதை அறுத்துத் திரும்பப் பயன்படாதபடி செய்துவிட்டார்கள்.

பின்தொடர்ந்தவை

பட்டறைக்கு வந்தபின் அதே இடத்தில், அதே எஞ்சின் வேகத்தில் அளந்தோம். தொண்ணூறுக்குச் சற்றுக் கீழே நின்றது. பத்து டெசிபெல் வேறுபாட்டை மனிதக் காது ஏறத்தாழ இரு மடங்காக உணர்கிறது. எனவே எண்ணில் சிறிதாகத் தோன்றினாலும் காதில் அது பெரிது. மைலேஜ் பழைய நிலைக்கு வந்தது. இழுவை குறைந்துவிடும் என்று அவர் அஞ்சியிருந்தார். மாறாக, கீழ் வேகத்தில் மேடேறுவது முன்னைவிட நன்றாக இருப்பதாகச் சொன்னார். எஞ்சினும் சைலன்சரும் சேர்த்து வடிவமைக்கப்பட்டவை. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

புகைச் சான்றும் எடுத்தார், தேர்ச்சி. அந்தச் சோதனை வாயுவை மட்டும்தான் அளக்கிறது, சத்தத்தை அல்ல. சான்று இருக்கிறதே என்று சாலையில் வாதாடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

முழுவதும் சரியாகிவிடவில்லை. வெளியேற்றத் தொகுதிக்கும் ஆக்சிஜன் சென்சாருக்குமான உத்தரவாதத்தை விற்பனை நிலையத்தின் சர்வீஸ் பிரிவு மறுத்துவிட்டது. அவர்கள் பதிவேட்டில் மாற்றம் குறிக்கப்பட்டுவிட்டது. அதை எதிர்த்து வாதாட எங்களிடம் நியாயம் இல்லை. கோர் எடுத்த இடத்தில் அவருக்கு ரசீது தரப்படவில்லை. கேட்டபோது அப்படி ஒரு வேலையே செய்யவில்லை என்றார்களாம். அபராதம், புதுச் சைலன்சர், இழந்த வேலை நாள் எல்லாம் உரிமையாளர் தலையில் விழுந்தன. அறுத்தவரைத் தொட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

மாற்றிக்கொண்டவை

சத்தம் வேண்டும் என்று வருபவரிடம் முதலில் எந்த வண்டியின் சத்தம், எங்கே கேட்டது என்று கேட்கிறோம். பாதிப்பேர் சொல்வது பழைய எஞ்சினின் ஐடிலிங்கைத்தான். அது உங்கள் வண்டியில் வராது என்று விளக்கினால் சிலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். மற்றவர்கள் வேறிடம் போகிறார்கள். போகட்டும், கட்டிங் வீலை நாங்கள் எடுப்பதில்லை.

எந்த வேலைக்காகச் சைலன்சரைக் கழற்றினாலும் மூட்டின் கேஸ்கட் புதிதாகத்தான் போடப்படும். அதன் விலையை மதிப்பீட்டில் முன்கூட்டியே எழுதிவிடுகிறோம், வாடிக்கையாளர் பேரம் பேசி நீக்க முடியாதபடி. கலவைக் குறி வந்தால் பிளக்கைப் பார்க்காமல் எந்த ஆலோசனையும் சொல்லக் கூடாது என்பதையும் பையன்களுக்கு விதியாக்கியிருக்கிறேன்.

பழைய வண்டி வாங்குவதற்கு முன் எங்களிடம் காட்ட வருபவர்களுக்கும் சைலன்சரைப் பார்க்கும் வேலை இப்போது சேர்ந்திருக்கிறது. பின்வாயில் டார்ச், முன்வளையத்தில் பற்றுக்கோடு, லேசாகத் தட்டினால் வரும் ஓசை, இயன்றால் கழற்றி எடை. ஒருவர் சத்தத்துக்காக வெட்டி விற்ற வண்டியை, தெரியாமல் வாங்கிய அடுத்தவர் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டபின் சோதனையில் பிடிபட்டால், உரிமையாளர் என்ற இடத்தில் இருப்பது இவர் பெயர்தான். அப்படி ஒரு வண்டியைப் போன மாதம் திருப்பியனுப்பினோம். விற்க வந்தவர் விலையைக் குறைப்பதாகச் சொன்னார். புதுச் சைலன்சரின் ரசீதோடு வரச் சொல்லியிருக்கிறோம்.